தேம்ஸ் கரையில் ஒரு மாளிகை

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



நகரசபை என்றதும் நம்மில் பலருக்கு என்ன நினைவுக்கு வருகிறது? வரி நோட்டீஸ் வருகிறது. குழாயடிச் சண்டை வருகிறது. சாக்கடை அடைத்துக்கொண்டால் மனுவை எடுத்துக்கொண்டு அலைகிறோமே, அந்த அலைச்சல் வருகிறது. "கூலிப் பிரச்னை மில் வாசலில் தீரும், நிலப் பிரச்னை வயலில் தீரும், நகரசபையில் நமக்கென்ன ஜோலி?" என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு இன்று வாதாடப் போவதில்லை. ஒரு கட்டிடத்தின் கதையைச் சொல்லப் போகிறோம். கேட்டுவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.

கட்டிடம் இருப்பது லண்டனில். தேம்ஸ் நதியின் ஒரு கரையில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்கு வந்தால் வெள்ளைக் கல்லில் எழுந்த பெரிய மாளிகை ஒன்று நிற்கும். கவுண்டி ஹால் என்று பெயர். கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி. 1922 முதல் 1986 வரை, 64 வருஷ காலம், லண்டன் மாநகரத்தை நிர்வகித்த சபை அங்கே கூடிற்று. இன்று அங்கே எந்தச் சபையும் கூடுவதில்லை. ஹோட்டல் நடக்கிறது. மீன் காட்சிசாலை நடக்கிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு போகவில்லை, குண்டு விழுந்து நாசமாகவில்லை. கட்டிடம் அப்படியே நிற்கிறது. சபையை மட்டும் சட்டம் போட்டுக் கலைத்தார்கள். ஏன் கலைத்தார்கள் என்பதுதான் கதை.

நாற்றம் பார்லிமெண்டுக்கு எட்டியபோது

நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் லண்டன் உலகத்திலேயே பெரிய நகரம். உலகத்திலேயே பணக்கார நகரம். ஆனால் அந்த நகரத்தின் மலமும் கழிவும் தேம்ஸ் நதியில்தான் போய் விழும். அதே நதியின் தண்ணீரைத்தான் ஏழை ஜனங்கள் குடிப்பார்கள். காலரா வரும், ஆயிரக்கணக்கில் சாவார்கள். 1832-ல் வந்தது, 1849-ல் வந்தது, 1854-ல் வந்தது. எத்தனை முறை வந்தாலும் வேலை நடக்கவில்லை. நகரம் முழுமைக்கும் சாக்கடை கட்ட 1855-ல் ஒரு போர்டு அமைத்தார்கள். போர்டு இருந்தது, பணம் கிடைக்கவில்லை, அனுமதி கிடைக்கவில்லை.

1858 கோடையில் வெயில் கடுமை. நதி நாறிற்று. பார்லிமெண்டு நதிக்கரையில் அல்லவா இருக்கிறது! ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் கனவான்களால் உட்கார முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு சட்டம் போட்டார்கள். சில வாரங்களில் வேலை முடிந்தது. ஏழையின் வயிற்றில் காலரா போனபோது அசையாத சர்க்கார், துரைமாரின் மூக்கில் நாற்றம் ஏறியதும் அசைந்தது. பேசல்ஜெட் என்ற எஞ்சினியர் கட்டிய அந்தச் சாக்கடைகள் இன்றும் லண்டனுக்கு உழைக்கின்றன. அந்த மனிதருக்குரிய பெருமையை நாம் குறைக்க வேண்டியதில்லை.

அந்தப் போர்டை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. காண்டிராக்டு ஊழல், நில விற்பனை ஊழல் என்று நாறிப்போய் அதுவும் முடிந்தது. 1889-ல் லண்டன் கவுண்டி கவுன்சில் பிறந்தது. லண்டன் முழுமைக்கும் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பொது நிர்வாக சபை அதுதான். அதே 1889-ல்தான் லண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டு மாபெரும் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அந்த வேலைநிறுத்தத்தின் தலைவர்களில் ஒருவரான ஜான் பர்ன்ஸ், எஞ்சினியரிங் தொழிலாளி, இந்தக் கவுன்சிலில் மெம்பர். பிற்காலத்தில் அவர் லிபரல் மந்திரியாகி நம் பக்கம் விட்டுப் போனார்; அது வேறு கதை.

பெண்கள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். முதல் தேர்தலிலேயே இரண்டு பெண்கள் ஜெயித்தார்கள். தோற்ற ஆண் அபேட்சகர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். பெண் கவுன்சிலராக இருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி மார்கரெட் சாண்ட்ஹர்ஸ்ட் அம்மையாரை நீக்கிவிட்டது. வோட்டு வாங்கியவர் வெளியே, தோற்றவர் உள்ளே! கோர்ட்டு என்ற அந்த ஆயுதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது மறுபடியும் வரும்.

புதிய கவுன்சில் சில நல்ல காரியங்கள் செய்தது. காண்டிராக்டரை விலக்கிவிட்டுத் தானே ஆளெடுத்துத் தொழிற்சங்கக் கூலி கொடுத்து வேலை செய்ய 1892-ல் ஓர் இலாகா திறந்தது. கிழக்கு லண்டனில் ஒரு பெரிய சேரியை இடித்து, 1900-ல் பௌண்டரி குடியிருப்பைத் திறந்தது. ஒரு நகர சபை தொழிலாளருக்குக் கட்டிய முதல் பெரிய குடியிருப்புகளில் அது ஒன்று. செங்கல் கட்டிடங்கள், காற்றோட்டம், நடுவில் பூங்கா. ஆனால் இடித்த சேரியில் வாழ்ந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரில் புது வீட்டுக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. வாடகை கட்டுப்படியாகவில்லை. அவர்கள் அடுத்த சேரியில் போய் நெருக்கிக்கொண்டார்கள். சேரி ஒழிப்பு என்ற பேச்சை எங்கே கேட்டாலும் இந்தக் கணக்கைக் கேளுங்கள்: இடித்தது எத்தனை வீடு, அதே ஜனங்கள் திரும்பி வந்தது எத்தனை வீடு?

மாளிகை எழுந்தது, போப்ளார் சிறைக்குப் போயிற்று

கவுன்சிலின் வேலை பெருகியது. பள்ளிக்கூடங்கள் 1904-ல் அதன் கைக்கு வந்தன. பழைய ஆபீஸ் போதவில்லை. நதியின் தென்கரையில் படகுத்துறையும் மரத்தொட்டியும் சிறு ஆலைகளும் இருந்த நிலத்தை வாங்கினார்கள். தென்கரை என்றால் அன்று ஏழைக் கரை. "அங்கேயா மாளிகை?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ரால்ஃப் நாட் என்ற இளைஞர், வயது முப்பதுகூட ஆகவில்லை, போட்டியில் ஜெயித்துப் படம் போட்டார். அஸ்திவாரம் தோண்டும்போது 1910-ல் ரோமானியர் காலத்துப் படகு ஒன்று மண்ணுக்குள் கிடைத்தது. 1912 மார்ச்சில் ராஜா ஐந்தாம் ஜார்ஜ் அஸ்திவாரக் கல் நாட்டினார். அந்தக் கோடையிலேயே லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தார்கள். 1914-ல் லண்டன் கட்டிட முதலாளிகள், சங்கத்தில் சேராதவனோடும் சேர்ந்து வேலை செய்வோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லித் தொழிலாளரைக் கதவடைப்புச் செய்து மாதக்கணக்கில் வெளியே நிறுத்தினார்கள். பிறகு யுத்தம் வந்தது. இத்தனையும் தாண்டி, 1922 ஜூலை 17-ல்தான் ராஜாவே வந்து மாளிகையைத் திறந்து வைத்தார். வடபகுதி முடிய 1933 ஆயிற்று. படம் போட்ட நாட் அதைப் பார்க்கவில்லை, 1929-லேயே இறந்துவிட்டார்.

ராஜா திறந்து வைத்ததற்கு ஒன்பது மாதம் முன்னால்தான் முப்பது கவுன்சிலர்கள் ஜெயிலிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும், தோழர்களே.

லண்டன் கவுண்டி கவுன்சிலுக்குக் கீழே 28 சிறிய நகரசபைகள். வரியை வசூலிப்பது அந்தச் சின்ன சபைகள். தங்கள் செலவுக்கும் வசூலிக்க வேண்டும். பெரிய கவுன்சிலுக்கும் போலீசுக்கும் ஒரு பங்கு வசூலித்து அனுப்ப வேண்டும். வரி வீட்டு வாடகை மதிப்பின் மேல். மாளிகைகள் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் பவுனுக்கு ஒரு பென்னி வரி போட்டால் குவியல் குவியலாகப் பணம் வரும். துறைமுகக் கூலிகள் வாழும் போப்ளாரில் அதே ஒரு பென்னி போட்டால் ஒரு கைப்பிடிதான் தேறும். ஆனால் வேலையில்லாதவர்கள் எங்கே? போப்ளாரில். அவர்களுக்கு உதவிப் பணம் கொடுக்க வேண்டியது யார்? போப்ளார். நம் ஊரில் கூலிக்காரத் தெருவில் பஞ்சம் வந்தால் கூலிக்காரத் தெருவே வரி போட்டுக் கஞ்சித்தொட்டி வைக்க வேண்டும், பண்ணையார் தெரு ஒரு பிடி அரிசி தரவேண்டாம் என்றால் எப்படி இருக்கும்? அதுதான் அங்கே சட்டம்.

போப்ளார் சபையில் 1919-ல் தொழிற்கட்சி மெஜாரிட்டி பெற்றது. ரயில்வேத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, தபால் ஊழியர் இவர்கள்தான் கவுன்சிலர்கள். தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. அவருடைய மகன் எட்கரும் மருமகள் மின்னியும் புதிதாகப் பிறந்த கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தவர்கள். சபையில் வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி, வாரம் நான்கு பவுன் குறைந்தபட்சக் கூலி என்று தீர்மானித்தார்கள். 1920-ல், நூறு வருஷத்துக்கு முன்னால்!

1921-ல் வேலையில்லாத் திண்டாட்டம் தலைக்கு மேல் போயிற்று. போப்ளார் சொல்லிற்று: எங்கள் ஏழைகளுக்கு உதவுவோம்; பெரிய கவுன்சிலுக்கும் போலீசுக்கும் உள்ள பங்கை வசூலிக்க மாட்டோம்; பணக்கார நகரசபைகளும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும். கவுண்டி கவுன்சில் அப்போது கன்சர்வேடிவ் ஆட்களின் கையில். அது கோர்ட்டுக்குப் போயிற்று. ஜூலை 29-ல் கவுன்சிலர்கள் ஆயிரக்கணக்கான ஜனங்களோடு ஊர்வலமாகவே ஹைகோர்ட்டுக்கு நடந்தார்கள். மேயர் சாம் மார்ச் பதவிச் சங்கிலியோடு நடந்தார். ஹைகோர்ட்டுக்குப் போகிறோம், அங்கிருந்து ஜெயிலுக்கும் போகலாம் என்று கொடியிலேயே எழுதிப் பிடித்திருந்தார்கள்.

ஜெயிலுக்குத்தான் போனார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கு, பெண்கள் ஹாலோவே சிறைக்கு. அதிலே நெல்லி கிரெஸால் என்ற தாய் நிறைமாத கர்ப்பிணி. சபைக் கூட்டத்தை ஜெயிலுக்குள்ளேயே நடத்த வேண்டும் என்று போராடி உரிமை பெற்றார்கள்; பெண் கவுன்சிலர்களை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்து பிரிக்ஸ்டன் சிறையில் சபை கூடிற்று. வெளியே ஜனங்கள் வாடகை தரமாட்டோம் என்று கிளம்பினார்கள். பக்கத்து நகரசபைகளும் போப்ளார் வழியில் வருவோம் என்றன. ஆறு வாரம் சென்று, அக்டோபர் 12-ல் சர்க்கார் விடுதலை செய்தது. ஏழைகளின் உதவிச் செலவை லண்டன் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளச் சட்டமும் வந்தது. மின்னி லான்ஸ்பரி அதிக நாள் இருக்கவில்லை. 1922 ஜனவரி முதல் தேதி காலமானார். வயது 32.

இந்தப் போராட்டத்தைத் தொழிற்கட்சித் தலைமையே விரும்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து ஹாக்னியின் மேயர் ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை மீறாதே என்று உபதேசம் செய்தவர். அவரைத்தான் அடுத்து சந்திக்கப் போகிறோம்.

தொழிலாளர் கையில் வந்த சபை

1934-ல் கவுண்டி ஹாலில் தொழிற்கட்சி முதல் தடவையாக மெஜாரிட்டி பெற்றது. 69 ஸ்தானம், எதிர்க்கட்சிக்கு 55. தலைவர் அதே மாரிசன். அவருக்கும் நமக்கும் ஆயிரம் வேற்றுமை உண்டு. ஆனால் நடந்த வேலையைப் பார்க்க வேண்டும். கல்யாணமான ஆசிரியையை வேலையைவிட்டு நீக்கும் வழக்கத்தை 1935-ல் ஒழித்தார்கள். நகரத்தைச் சுற்றிப் பசுமையான நிலங்களை வாங்கிக் கட்டிடம் கட்டாமல் காக்க ஏற்பாடு செய்தார்கள். சேரிகளை இடித்து மாடி வீடுகள் கட்டினார்கள். அதற்கு முந்தி, 1921 முதல் 1935 வரை, பெகன்ட்ரீ என்ற இடத்தில் கவுன்சில் கட்டிய குடியிருப்பில் சுமார் 26,000 வீடுகள். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், பின்னால் சிறு தோட்டம். உலகத்திலேயே பெரிய சர்க்கார் குடியிருப்பு என்று பெயர் பெற்றது. அங்கேயும் அடிமட்டக் கூலிக்காரனுக்கு வாடகை கட்டவில்லை. நல்ல வேலையில் இருந்தவன்தான் போனான்.

வாட்டர்லூ பாலத்தின் கதை ஒன்று உண்டு. பழைய பாலம் ஆட்டம் கண்டுவிட்டது. சர்க்கார் பணம் தர மறுத்தது. மாரிசன் கவுன்சில் பணத்திலேயே இடித்துக் கட்டத் தொடங்கினார். நடுவில் யுத்தம் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பாலத்தைக் கட்டி முடித்ததில் பெரும் பங்கு பெண் தொழிலாளருடையது. குண்டு விழும் நேரத்திலும் வேலை நடந்தது. 1945-ல் திறப்பு விழா. மாரிசன் பேசினார், பாலத்தைக் கட்டிய ஆண்களைப் பாராட்டினார். பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! தேம்ஸ் படகுக்காரர்கள் மட்டும் அதைப் பெண்கள் பாலம் என்றே சொல்லி வந்தார்கள். பெண் தோழர்கள் சிரிக்கிறீர்கள். நாற்று நட்டவர் யார், விளைச்சலுக்குப் பெயர் யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியாததா?

நம் நாட்டவர் ஒருவரையும் இங்கே சொல்லலாம். வி. கே. கிருஷ்ண மேனன், சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்தவர், லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் என்ற சின்ன நகரசபையில் 1934 முதல் 1947 வரை கவுன்சிலர். அந்த வட்டாரத்து நூலகங்களைப் பெருக்கியதற்காக அங்குள்ளவர்கள் அவரை மறக்கவில்லை. இந்திய விடுதலைக்காக மேடையில் முழங்கியதும், தெருவில் நூலகம் திறந்ததும் அவருக்கு இரு வேறு வேலையாகத் தோன்றவில்லை போலும்.

1946 தேர்தலில் கவுண்டி ஹாலின் 124 ஸ்தானங்களில் இரண்டு கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தன. கிழக்கு லண்டன் மைல் எண்டு தொகுதியில் டெட் பிராம்லியும் ஜாக் காஸ்டரும் ஜெயித்தார்கள். முந்தின வருஷம் அதே மைல் எண்டு, பில் பிராட்டினைக் கம்யூனிஸ்டு எம்.பி.யாகப் பார்லிமெண்டுக்கு அனுப்பியிருந்தது. ஆகாயத்திலிருந்து விழுந்த வோட்டுகள் அல்ல அவை. 1930களில் அந்தத் தெருக்களில் வாடகைப் போராட்டம் நடத்தி, வீட்டுக்காரன் ஆளனுப்பினால் மாடிப்படியில் குறுக்கே நின்று, பாசிஸ்டுகளின் ஊர்வலத்தை 1936 அக்டோபரில் கேபிள் தெருவில் மறித்துச் சம்பாதித்தவை. 1949-ல் இருவரும் தோற்றார்கள். பனிப்போர்க் காலம் தொடங்கிவிட்டது.

எல்லையை மாற்றினால் ஜெயிக்கலாமா?

1934-க்குப் பிறகு கன்சர்வேடிவ் கட்சியால் கவுண்டி ஹாலைப் பிடிக்க முடியவில்லை. முப்பது வருஷம்! ஆட்டத்தில் தோற்கிறவன் மைதானத்தை மாற்றுவான். 1963-ல் சட்டம் கொண்டுவந்து பழைய கவுன்சிலைக் கலைத்தார்கள். தங்களுக்கு வோட்டுப் போடும் வசதியான புறநகர்களைச் சேர்த்துப் பெரு லண்டன் கவுன்சில் என்று ஒன்றை 1965 ஏப்ரலில் அமர்த்தினார்கள். லண்டனுக்கு ஒரே திட்டம் வேண்டும் என்ற நியாயமும் அதில் இருந்தது. கட்சிக் கணக்கும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், புதிய சபையின் முதல் தேர்தலிலேயே தொழிற்கட்சி ஜெயித்தது. கணக்குத் தப்பிற்று. அதன் பிறகு இரு கட்சியும் மாறி மாறி ஆண்டன. அந்தப் பதினாறு வருஷத்தை விட்டுவிட்டு 1981-க்கு வருவோம்.

1979-ல் தாட்சர் அம்மையார் பிரதமரானார். ஆலைகள் மூடின. 1982 தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையில்லாதவர் முப்பது லட்சம். 1981 மே மாதம் கவுண்டி ஹாலில் தொழிற்கட்சி மறுபடியும் வந்தது. மறுநாளே இடதுசாரியான கென் லிவிங்ஸ்டன் தலைவரானார். அவர் கம்யூனிஸ்டு அல்ல. ஆனால் பத்திரிகைகள் அவரைத் திட்டிய திட்டைப் பார்த்தால் லெனினே எழுந்து வந்துவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள். வேலை கேட்டு லிவர்பூலிலிருந்து நடந்து வந்த தொழிலாளருக்குக் கவுண்டி ஹாலின் கதவைத் திறந்துவிட்டார்கள். ராஜ குடும்பக் கல்யாணத்துக்கு வந்த அழைப்பை லிவிங்ஸ்டன் மறுத்தார். மாளிகையின் கூரைமேல், நதிக்கு அப்பால் பார்லிமெண்டில் இருப்பவர் கண்ணில் படும்படி, லண்டனில் எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் கட்டினார்கள். எண்ணிக்கை ஏற ஏற எழுத்தும் மாறும். பார்லிமெண்டின் நதிப்புற ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும்.

அடுத்து பஸ் கட்டணம். 1981 அக்டோபரில் பஸ், பாதாள ரயில் கட்டணத்தை 32 சதவீதம் குறைத்தார்கள். தேர்தலில் சொன்ன வாக்குறுதி அது. நஷ்டத்தை ஈடுகட்டச் சொத்து மதிப்பின் மேல் கூடுதல் வரி. அதாவது பெரிய ஆபீசும் கடையும் வைத்திருப்பவன் அதிகம் தருவான். விடியற்காலை பஸ்ஸில் போய் அந்த ஆபீசைத் துடைப்பவள் குறைவாகத் தருவாள். பஸ்ஸில் கூட்டம் கூடிற்று. ரோட்டில் கார் குறைந்தது.

பிராம்லி என்ற புறநகரசபை கன்சர்வேடிவ் கையில். அதன் எல்லைக்குள் பாதாள ரயில் ஸ்டேஷன் ஒன்றுகூட இல்லை. அது கோர்ட்டுக்குப் போயிற்று. நவம்பரில் அப்பீல் கோர்ட்டில் டென்னிங் பிரபு பிராம்லி பக்கம் தீர்ப்புச் சொன்னார். டிசம்பர் 17-ல் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் அதையே சொன்னார்கள். 1969-ம் வருஷச் சட்டத்தில் போக்குவரத்து சிக்கனமாக நடக்கவேண்டும் என்ற பொருளில் ஒரு வார்த்தை இருந்ததாம். அதற்கு வியாபார ரீதியில் நடத்தவேண்டும் என்று அர்த்தம் பண்ணினார்கள். வரி கட்டுகிறவனுக்குச் சபை தர்மகர்த்தா மாதிரி கடமைப்பட்டது என்றார்கள். வோட்டுப் போட்டவனுக்கு? வாக்குறுதி என்பது கட்டுப்படுத்தாது என்றார்கள். 1982 மார்ச்சில் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. பிறகு சட்டத்துக்குள்ளேயே வழி தேடி 1983 மேயில் சுமார் 25 சதவீதம் குறைத்தார்கள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே சீட்டு என்ற முறையும் அப்போது வந்ததுதான். 1984-ல் சர்க்கார் போக்குவரத்தையே சபையின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

இன்னும் சில: 1985-ல் மண்டேலா சிறையில் இருக்கும்போதே அவருடைய சிலையை நதிக்கரையில் வைத்தார்கள், திறந்தவர் ஆலிவர் டாம்போ. மாளிகைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ஸ்பெயின் குடியரசைக் காக்கப் போய்ப் பாசிஸ்டுகளோடு பொருதிய சர்வதேசப் படையின் பிரிட்டிஷ் வீரர்களுக்கு அதே ஆண்டில் நினைவுச் சின்னம் எழுந்தது. அங்கே போனவர்கள் சுமார் 2,100 பேர், மாண்டவர் 526.

நள்ளிரவில்

1983 தேர்தல் அறிக்கையில் தாட்சர் கட்சி எழுதிற்று: பெரு லண்டன் கவுன்சிலை ஒழிப்போம், கூடவே ஆறு பெரிய தொழில் வட்டாரங்களின் கவுன்சில்களையும் ஒழிப்போம். மாஞ்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்காம், ஷெஃபீல்டு சுற்றிய வட்டாரங்கள் அவை. ஏழும் தொழிற்கட்சி கையில். ஷெஃபீல்டு வட்டாரத்தில் எஃகுத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் 1975 முதல் ஏறாத கட்டணத்தில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். காரணம் சொன்னது வீண் செலவு, இரட்டை நிர்வாகம்.

1985-ல் நடக்க வேண்டிய தேர்தலை ரத்துச் செய்தார்கள். லிவிங்ஸ்டனும் மூவரும் ராஜிநாமாச் செய்து 1984 செப்டம்பரில் உபதேர்தலில் நின்றார்கள். கன்சர்வேடிவ் கட்சி ஆளே நிறுத்தாமல் ஒதுங்கிக்கொண்டது. ஜனங்களின் கருத்துக் கணிப்பில் பெரும்பான்மை ஒழிப்புக்கு விரோதம். ஆனால் பார்லிமெண்டில் தாட்சருக்கு மெஜாரிட்டி இருந்தது.

இந்த இடத்தில் நம் தரப்பின் பலவீனத்தையும் பார்க்க வேண்டும். வரி போடும் உரிமைக்கு உச்சவரம்பு கட்டிச் சர்க்கார் சட்டம் போட்டபோது, இடதுசாரிச் சபைகள் சேர்ந்து மீறுவோம் என்று சபதம் செய்தன. 1985 மார்ச்சில் பெரு லண்டன் கவுன்சில் சட்டப்படியே வரியை நிர்ணயித்துவிட்டது. லிவிங்ஸ்டனும் அவருக்கு அடுத்திருந்த ஜான் மக்டானலும் அதிலே பிரிந்தார்கள். லாம்பெத்தும் லிவர்பூலும் மட்டும் கடைசிவரை நின்றன. அந்தக் கவுன்சிலர்களுக்குக் கைப்பணத்திலிருந்து அபராதமும் பதவித் தடையும் கிடைத்தன. போப்ளாரில் முப்பது பேரும் ஒரே நாளில் ஒரே முடிவெடுத்தார்கள், தெருத் தெருவாக வாடகைதாரர் பின்னால் நின்றார்கள். 1985-ல் தலைவர்களுக்குள்ளேயே முடிவு ஒன்றாக இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தோழர்களுக்கு நிறைய விஷயம் இருக்கிறது.

1986 மார்ச் 31 நள்ளிரவு. நதிக்கரையில் ஜனங்கள் கூடினார்கள். வாணவேடிக்கை, பாட்டு. மணி பன்னிரண்டு அடித்ததும் சபை சட்டப்படி செத்தது. எழுபது லட்சத்துக்கு அருகான ஜனத்தொகை கொண்ட தலைநகரத்துக்குத் தேர்ந்தெடுத்த பொதுச் சபை இல்லாமல் போயிற்று. அடுத்த பதினான்கு வருஷம் இல்லை. வேலைகளை மந்திரிகளுக்கும் சின்ன நகரசபைகளுக்கும் நியமனக் கமிட்டிகளுக்கும் பிய்த்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட நிர்வாகம் மட்டும் நான்கு வருஷம் அந்த மாளிகையில் மூச்சு விட்டது. 1990-ல் அதையும் முடித்தார்கள்.

மிச்சமிருந்தது கட்டிடம். லண்டன் பொருளாதாரக் கல்லூரி, நாங்கள் வாங்கிப் பாடம் நடத்துகிறோம் என்று கேட்டது. கிடைக்கவில்லை. ஷிராயாமா என்ற ஜப்பானியக் கம்பெனிக்கு 6 கோடி பவுனுக்கு விற்றார்கள். 1997-ல் மீன் காட்சிசாலை திறந்தது. பிறகு ஹோட்டல்கள் வந்தன. கவுன்சிலர்கள் உட்கார்ந்து விவாதித்த எண்கோணச் சபா மண்டபத்தில் 2017-ல் அகதா கிறிஸ்டியின் கோர்ட்டு நாடகம் ஒன்று தொடங்கிற்று. சீட்டு வாங்கினால் மெம்பர்களின் நாற்காலியிலேயே உட்கார்ந்து கொலை வழக்குப் பார்க்கலாம்.

சபை இல்லாமல் நகரம் நடக்காது என்பது பின்னால் தெரிந்தது. 1998-ல் ஜனவாக்கெடுப்பு எடுத்து, 2000-ல் லண்டனுக்கு மேயரும் சபையும் மறுபடி அமைத்தார்கள். முதல் மேயர் யார் தெரியுமா? அதே லிவிங்ஸ்டன்! தொழிற்கட்சி அபேட்சகராக நிறுத்த மறுத்தது. சுயேச்சையாக நின்று ஜெயித்தார். ஆனால் பழைய மாளிகை திரும்பவில்லை. புதிய சபைக்குக் கோபுரப் பாலத்தின் பக்கத்தில் 2002-ல் கண்ணாடியில் ஒரு கட்டிடம் எழுந்தது. அதுவும் சபைக்குச் சொந்தமில்லை, வாடகைக் கட்டிடம். சுற்றியுள்ள நிலத்தோடு அந்த இடம் 2013-ல் ஒரு குவைத்துக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஒரு மாநகரத்தின் ஆட்சிமன்றம் வீட்டுக்காரனுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தது. வாடகைச் செலவைக் குறைக்க வேண்டி 2021 கடைசியில் அதையும் காலி செய்துவிட்டு, கிழக்கே நியூஹாமில் விக்டோரியா துறைமுகக் கரையில் தனக்குச் சொந்தமான கட்டிடத்துக்குச் சபை குடிபோயிற்று.

1889-ல் ஆறு பென்னி கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மூட்டை இறக்கிய துறைமுகங்களில் அதுவும் ஒன்று. 1981-ல் கப்பல்கள் வருவது நின்றது. போப்ளார் அங்கிருந்து சில மைல் தூரம்தான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே.